ஷேர்டு ஃபோல்டரை யார் திறக்கலாம்? குழு அனுமதி இயங்கும் விதம்

“அந்த சம்பள ஃபோல்டருக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டுக் கொடுங்க சார்.” அலுவலகங்களில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர்களிடம் அடிக்கடி வரும் கோரிக்கை இது. கேட்பவரின் தேவையில் தவறில்லை. சம்பள விவரம் எல்லோர் கண்ணிலும் படக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் விண்டோஸ் ஃபைல் சர்வரில் ஃபோல்டருக்கென்று தனிப் பாஸ்வேர்டு கிடையாது. காலையில் லாகின் செய்யும்போதே நீங்கள் யார் என்பதைச் சொல்லியாகிவிட்டது. அதன்பின் ஒவ்வொரு ஃபோல்டரும் பார்ப்பது, நீங்கள் எந்தெந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்பதைத்தான்.

ஃபைல் சர்வர் என்பது அலுவலகத்தின் ஃபைல்களை ஓரிடத்தில் வைத்து, நெட்வொர்க் வழியாக எல்லா மேசைகளுக்கும் தரும் கணினி. பலருக்கு அது தங்கள் கணினியில் தெரியும் ‘இசட் டிரைவ்’. அதில் யாருக்கு என்ன உரிமை என்பதை முடிவு செய்வதில் இரண்டு கெட்ட பழக்கங்கள் ஊன்றிப்போயிருக்கின்றன. ஒன்று, தொல்லை வேண்டாமென்று ‘எவ்ரிஒன்’ என்ற எல்லோருக்குமான குழுவுக்கு முழு உரிமையைக் கொடுத்துவிடுவது. இன்னொன்று, கேட்டவர் பெயரையெல்லாம் ஒவ்வொரு ஃபோல்டரிலும் தனித்தனியாகச் சேர்ப்பது.

முதல் பழக்கத்தின் ஆபத்தை ரான்சம்வேர் தாக்கும் நாளில்தான் பலர் உணர்கிறார்கள். ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் அந்த நிரல், யாருடைய கணினியில் நுழைந்ததோ அவருடைய உரிமையோடுதான் வழக்கமாக வேலையைத் தொடங்குகிறது. அவருக்கு எழுத உரிமையுள்ள ஷேர்களெல்லாம் அதற்கும் திறந்த வீடு. வரவேற்பு மேசையில் இருப்பவர் தவறான இணைப்பு ஒன்றைச் சொடுக்கினால் கணக்குப் பிரிவின் பத்து வருட ஃபைல்களும் போக வேண்டுமா, அவர் மேசை ஃபைல்கள் மட்டும் போக வேண்டுமா என்பதை ஃபோல்டர் அனுமதிகள் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றன.

மாநாட்டுப் பந்தலில் பேட்ஜ்

பெரிய மாநாடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முகப்பில் பெயரைச் சரிபார்த்து, சட்டையில் குத்திக்கொள்ளப் பேட்ஜ் தருகிறார்கள்: பேச்சாளர், தொண்டர், பத்திரிகை, சமையல். ஒருவருக்கே இரண்டு பேட்ஜ் இருக்கலாம். உள்ளே மேடை, பந்தி, சரக்கறை என ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு காவலர். அவர் கையில் ஒரு சீட்டு. ‘சமையல் பேட்ஜ்: உள்ளே போய்ப் பொருள் எடுக்கலாம். தொண்டர் பேட்ஜ்: பார்க்கலாம், எடுக்கக் கூடாது.’ வருபவர் எந்த ஊர், யாருக்குச் சொந்தம் என்றெல்லாம் அவர் விசாரிப்பதில்லை. பேட்ஜைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்.

மதியம் தொண்டர் ஒருவரைச் சமையலுக்கு மாற்றுகிறார்கள் என்றால், எந்தக் காவலரின் சீட்டையும் திருத்த வேண்டியதில்லை. அந்தத் தொண்டர் முகப்புக்குப் போய்ப் புதுப் பேட்ஜ் வாங்கி வந்தால் போதும். வாங்கி வராதவரை, உள்ளே யார் என்ன உத்தரவு போட்டிருந்தாலும் சரக்கறைக் காவலர் வழிவிட மாட்டார்.

கணினிக்குள் நடப்பது

விண்டோஸ் ஒவ்வொரு பயனருக்கும் ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அடையாள எண் கொடுத்திருக்கிறது. இதற்கு எஸ்ஐடி என்று பெயர். பெயர்கள் நம் வசதிக்கு. அமைப்பு பார்ப்பது இந்த எண்ணைத்தான். ‘எவ்ரிஒன்’ குழுவின் எண் உலகத்தில் எந்த விண்டோஸ் கணினியிலும் எஸ்-1-1-0 தான்.

நீங்கள் லாகின் செய்ததும், உங்கள் எண்ணும் நீங்கள் இருக்கும் குழுக்களின் எண்களும் ஒன்றாகக் கட்டப்பட்டு டோக்கன் ஒன்று உருவாகிறது. சர்வரோடு இணையும்போது அங்கேயும் உங்களுக்காக இப்படி ஒன்று உருவாகும். மாநாட்டுப் பேட்ஜ் இதுதான்.

காவலரின் சீட்டுக்கு இணையானது ஏசிஎல் எனப்படும் அனுமதிப் பட்டியல். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. அதன் ஒவ்வொரு வரியும் ‘இந்த எண்ணுக்கு இந்த உரிமை உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று சொல்கிறது. 1993இல் விண்டோஸ் என்டி 3.1 உடன் வந்த என்டிஎஃப்எஸ் என்ற ஃபைல் முறைதான் இந்தப் பட்டியலை வட்டில் சேமித்து வைக்கிறது. இன்றைய விண்டோஸ் சர்வரிலும் அடிப்படை அதேதான்.

அலுவலகம் கொஞ்சம் பெரிதானால் பயனர்களையும் குழுக்களையும் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக உருவாக்க முடியாது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் பதிவேடுதான் ஆக்டிவ் டைரக்டரி. விண்டோஸ் 2000 சர்வரோடு வந்தது.

இதுவரை பார்த்ததில் மூன்றை நினைவில் வைத்தால் போதும். எஸ்ஐடி என்பது அடையாள எண். டோக்கன் என்பது லாகின் நேரத்தில் கிடைக்கும் எண்களின் கட்டு. ஏசிஎல் என்பது ஃபோல்டரில் ஒட்டியிருக்கும் பட்டியல். டோக்கனும் பட்டியலும் பொருந்தினால் கதவு திறக்கும்.

பெயரைச் சேர்ப்பதில் என்ன குறை?

ஓர் ஆடிட்டர் அலுவலகத்தைப் பார்ப்போம். சி.ஏ. படிப்பின் பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப்பில் சேர்ந்த மாணவர்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும் இடம் அது. பயிற்சிக்காலம் முன்பு 3 ஆண்டு, 2023 ஜூலை முதல் சேர்ந்தவர்களுக்கு 2 ஆண்டு. சர்வரில் ஜிஎஸ்டி, டிடிஎஸ், வருமான வரி, சம்பளம், பொது என ஃபோல்டர்கள். ஒரு மாணவிக்கு முதல் மூன்றிலும் உரிமை வேண்டும். பெயர் சேர்க்கும் முறையில் மூன்று இடங்களில் அவர் பெயரைச் சேர்க்கிறோம். சில மாதம் கழித்து ஏதோ ஒரு வாடிக்கையாளரின் உள் ஃபோல்டரில் நான்காவதாக ஒரு முறை.

பயிற்சி முடிந்து அவர் போகிறார். கணக்கை அழித்துவிடுகிறோம். ஃபோல்டரின் பண்புகளில் ‘செக்யூரிட்டி’ பக்கத்தைத் திறந்தால், அவர் பெயர் இருந்த இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீளமான எண் ஒன்று நிற்கும். பெயர் போய்விட்டது, வரி போகவில்லை. ஐந்து வருடத்தில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு அநாதை எண்கள் ஒவ்வொரு ஃபோல்டரிலும் சேர்ந்துவிடும். எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. அழிக்கவும் கை நடுங்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல், இருப்பவர்களைப் பற்றியது. ‘இந்த மாணவர் சர்வரில் எதையெல்லாம் பார்க்க முடியும்?’ என்று கூட்டாளி ஒருவர் கேட்டால், எல்லா ஃபோல்டர்களையும் திறந்து தேடினால்தான் பதில் சொல்ல முடியும். குழுவில் வைத்திருந்தால் அவர் கணக்கின் குழுப் பட்டியலே பதில்.

வேகத்தின் கோணமும் உண்டு. மேல் ஃபோல்டரில் ஒரு பெயரைச் சேர்த்தால், அந்த மாற்றம் அதற்குள் இருக்கும் ஒவ்வொரு ஃபைலின் பட்டியலுக்கும் இறங்கியாக வேண்டும். லட்சக்கணக்கான ஃபைல்கள் உள்ள ஃபோல்டரில் இந்த மாற்றம் இறங்கி முடிய மணிக்கணக்காகும். நடுவில் நிறுத்திவிட்டால் பாதி ஃபைலுக்குப் புது அனுமதி, பாதிக்குப் பழையது. குழுவில் ஓர் ஆளைச் சேர்க்க ஒரு நொடி போதும். எந்த ஃபைலையும் தொட வேண்டியதில்லை.

ஆகவே ஃபோல்டரின் பட்டியலில் மனிதர் பெயரே வரக் கூடாது என்பதை நான் விதியாகவே சொல்வேன். ஒரே ஓர் ஆள் பார்க்கும் ஃபோல்டர் என்றாலும் ஒரு குழு உருவாக்கி, அந்த ஒருவரை அதில் வையுங்கள். நாளை அவர் விடுப்பில் போனால் பொறுப்பேற்பவரை அதே குழுவில் சேர்த்துவிடலாம்.

குழுவை எப்படிப் பிரிப்பது?

இரண்டு வகைக் குழுக்கள் தேவைப்படும். ஒன்று ஆட்களைச் சேர்த்துவைப்பது: ‘ஆர்ட்டிகிள் மாணவர்’, ‘கணக்குப் பிரிவு’, ‘கூட்டாளிகள்’. இன்னொன்று ஃபோல்டரோடு கட்டிவைப்பது: ‘ஜிஎஸ்டி-படிக்க’, ‘ஜிஎஸ்டி-திருத்த’, ‘சம்பளம்-திருத்த’. முதல் வகையை இரண்டாம் வகைக்குள் உறுப்பினராகச் சேர்க்கிறோம். ஃபோல்டரின் பட்டியலில் இரண்டாம் வகை மட்டும் இருக்கும். மைக்ரோசாஃப்ட் நெடுங்காலமாகச் சொல்லிவரும் முறை இதுதான்.

ஒரே ஃபைல் சர்வரும் பத்துப் பதினைந்து பேரும் உள்ள இடத்தில் இந்த இரண்டு அடுக்கு அதிகப்படி. அங்கே ஒரே அடுக்கில் ஃபோல்டர் குழுக்களை மட்டும் வைத்து ஆட்களை நேராகச் சேர்த்தாலே நிர்வாகம் தெளிவாக இருக்கும். பிரிவுகள் பெருகி, ஒரே ஆளை எட்டுக் குழுவில் சேர்க்கும் நிலை வரும்போது இரண்டாம் அடுக்கைக் கொண்டுவரலாம்.

பெயர் வைப்பதில் மட்டும் சோம்பல் கூடாது. ‘குழு1’, ‘புதுசு’, ‘டெஸ்ட்’ என்று வைத்தால் அடுத்து வரும் அட்மின் ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து ஊகிக்க வேண்டியிருக்கும். பெயரைப் படித்ததும் எந்த ஃபோல்டர், என்ன உரிமை என்று புரிய வேண்டும்.

இரண்டு வாசல்கள்

புதியவர்கள் மிக அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இது. நெட்வொர்க்கில் வரும் ஒருவர் இரண்டு வாசல்களைத் தாண்டுகிறார். முதல் வாசல் ஷேர் அனுமதி: நெட்வொர்க் வழியாக வருபவருக்கு மட்டும் உரியது. ‘ரீட்’, ‘சேஞ்ச்’, ‘ஃபுல் கன்ட்ரோல்’ என்று மூன்றே நிலைகள். இரண்டாம் வாசல், முன்பு சொன்ன என்டிஎஃப்எஸ் பட்டியல். சர்வரின் முன்னாலேயே உட்கார்ந்து திறந்தாலும் இது பொருந்தும்.

கணக்கு எளிது. ஒரே வாசலுக்குள் பல குழுக்கள் வழியாக வரும் உரிமைகள் கூடிக்கொள்ளும். ஒரு குழு படிக்கவும் இன்னொரு குழு திருத்தவும் உரிமை தந்தால் உங்களுக்கு இரண்டும் உண்டு. ஆனால் இரண்டு வாசல்களுக்கு இடையில், எது குறைவோ அதுதான் கிடைக்கும்.

‘மாடிஃபை கொடுத்திருக்கேன், ஆனா சேவ் ஆகமாட்டேங்குது’ என்ற புகாரின் வேர் பெரும்பாலும் இங்கேதான் (மாடிஃபை என்பது இரண்டாம் வாசலின் திருத்தும் உரிமை). விண்டோஸில் புதிதாக ஒரு ஃபோல்டரை மேம்பட்ட ஷேரிங் வழியாகப் பகிர்ந்தால், முதல் வாசலில் எவ்ரிஒன் குழுவுக்கு ‘ரீட்’ மட்டும் இருக்கும். இரண்டாம் வாசலில் எவ்வளவு தாராளம் காட்டினாலும் முதல் வாசல் படிக்க மட்டும்தான் விடும். இரண்டிலும் தனித்தனியாக நுட்பம் காட்டினால் குழப்பமே மிஞ்சும். பலரும் செய்வது போல, ஷேர் வாசலில் ‘ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்’ குழுவுக்கு, அதாவது முறையாக லாகின் செய்த எவருக்கும், ‘சேஞ்ச்’ கொடுத்துவிட்டு, உண்மையான கட்டுப்பாட்டை என்டிஎஃப்எஸ்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டியலில் ‘மாடிஃபை’, ‘ஃபுல் கன்ட்ரோல்’ இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். இரண்டிலும் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். ஃபுல் கன்ட்ரோல் வைத்திருப்பவர் கூடுதலாக அனுமதிப் பட்டியலையே மாற்றலாம், உரிமையாளராகவும் ஆகலாம். ஃபைலில் வேலை பார்ப்பவருக்கு அது தேவையில்லை. மாடிஃபை போதும்.

‘டினை’ என்ற வெட்டுக்கத்தி

பட்டியலில் ‘அலவ்’ பக்கத்திலேயே ‘டினை’ என்று ஒரு கட்டம் இருக்கும். சம்பள ஃபோல்டரை மாணவர்கள் பார்க்கக் கூடாது என்றால் ‘ஆர்ட்டிகிள் மாணவர்’ குழுவுக்கு டினை போட்டுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம்.

மாணவர்களில் ஒருவரிடம் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் வேலையை ஒப்படைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவரைச் ‘சம்பளம்-திருத்த’ குழுவில் சேர்க்கிறோம். அவர் டோக்கனில் இப்போது இரண்டு குழுக்களும் இருக்கின்றன. ஒரே ஃபோல்டரில் ஒரு குழுவுக்கு அனுமதி, இன்னொரு குழுவுக்கு மறுப்பு என்றால் மறுப்பே வெல்லும். அவரால் திறக்க முடியாது. அட்மின் திரும்பத் திரும்பக் குழுவைச் சரிபார்க்கிறார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. கடைசியில் பொறுமை இழந்து எவ்ரிஒன் குழுவைச் சேர்க்கிறார். அதனாலும் அவருக்குத் திறக்காது, ஆனால் மாணவர் அல்லாத மற்ற எல்லோருக்கும் திறந்துவிடும்.

இந்த மறுப்புக்குத் தேவையே இல்லை. பட்டியலில் இல்லாத குழுவுக்கு அனுமதி இல்லை என்பதுதான் தொடக்கநிலை. சம்பள ஃபோல்டரில் ‘சம்பளம்-திருத்த’ குழுவும் நிர்வாகிகளும் சர்வரின் ‘சிஸ்டம்’ கணக்கும் மட்டும் இருந்தால் மாணவர்கள் தானாகவே வெளியேதான் நிற்பார்கள். எவ்ரிஒன் குழுவுக்கு டினை போடுவது இன்னும் மோசம். எல்லோரிலும் அட்மினும் அடக்கம்.

மேலிருந்து கீழே இறங்கும் அனுமதி

ஒரு ஃபோல்டரில் வைத்த அனுமதி அதற்குள் உருவாகும் துணை ஃபோல்டர்களுக்கும் ஃபைல்களுக்கும் தானாக இறங்கும். இதை இன்ஹெரிட்டன்ஸ் என்கிறார்கள். இது இல்லாவிட்டால் ஒவ்வொரு ஃபைலுக்கும் கையால் அனுமதி வைக்க வேண்டியிருக்கும்.

தொல்லை, நடுவில் எங்காவது இந்த ஓட்டத்தை வெட்டும்போது தொடங்குகிறது. ‘பொது’ ஃபோல்டருக்குள் மூன்றாம் அடுக்கில் ஓர் இரகசிய ஃபோல்டரை வைத்து, அங்கே மட்டும் இன்ஹெரிட்டன்ஸை நிறுத்திவிடுவார்கள். ஒரு வருடம் கழித்து அது யாருக்கும் நினைவிருக்காது. மேலே ஒருவர் ‘கீழுள்ள அனைத்துக்கும் இதையே பொருத்து’ என்ற பெட்டியைச் சொடுக்கினால் இரகசியம் அன்றே பொதுவாகிவிடும். உரிமை வேறுபடும் ஃபோல்டர்களை முதல் அடுக்கிலேயே பிரித்து வைத்தால் இந்த விபத்துக்கு இடமில்லை. சம்பளத்துக்குத் தனி ஷேர், பொதுவுக்குத் தனி ஷேர்.

ஃபைலை நகலெடுப்பதும் நகர்த்துவதும் இதில் ஒன்றல்ல. நகல் என்பது புது ஃபைல். போய்ச் சேரும் ஃபோல்டரின் அனுமதியை எடுத்துக்கொள்ளும். ஒரே டிரைவுக்குள் நகர்த்தினாலோ, பழைய இடத்தின் அனுமதியைக் கூடவே தூக்கிக்கொண்டு போய்விட வாய்ப்புண்டு. சம்பளத்திலிருந்து பொதுவுக்கு இழுத்துப்போட்ட ஒரே ஒரு எக்செல் மட்டும் யாருக்கும் திறக்காமல் அடம்பிடித்தால் முதலில் இதைப் பாருங்கள்.

சுருக்கமாக: ஒரே வாசலில் உரிமைகள் கூடும், இரண்டு வாசல்களுக்கு இடையே குறைவானது நிற்கும், டினை தேவையில்லை, அனுமதி மேலிருந்து கீழே இறங்கும்.

“குழுவில் சேர்த்தாச்சு, இன்னும் திறக்கலையே?”

பேட்ஜ் லாகின் நேரத்தில்தான் கிடைக்கிறது என்று பார்த்தோம். காலை 9 மணிக்கு லாகின் செய்தவரை 11 மணிக்குப் புதுக் குழுவில் சேர்த்தால், அவர் கையில் இருப்பது 9 மணிப் பேட்ஜ். முழுதாக லாக் ஆஃப் செய்து மீண்டும் உள்ளே வரச் சொல்லுங்கள். இந்த ஒரு விஷயம் தெரியாமல், சரியாக இருக்கும் அனுமதிகளைக் கலைத்துக் கெடுத்தவர்கள் ஏராளம்.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். ஒருவரைக் குழுவிலிருந்து நீக்கினாலும், அவர் லாக் ஆஃப் செய்யாதவரை பழைய உரிமை தொடரலாம். லாகினின்போது ஆக்டிவ் டைரக்டரி தரும், குழு விவரம் அடங்கிய அடையாள டிக்கெட்டின் ஆயுள், மாற்றாமல் விட்டால் 10 மணி நேரம். வேலையை விட்டு உடனே அனுப்பப்படுபவர் விஷயத்தில் கணக்கை முடக்குவதோடு நிற்காமல், சர்வரில் அவருடைய திறந்த இணைப்புகளையும் துண்டிக்க வேண்டும்.

லினக்ஸிலும் நாஸ் பெட்டியிலும்

சிறிய அலுவலகங்களில் விண்டோஸ் சர்வருக்குப் பதில் நாஸ் எனப்படும் நெட்வொர்க் வட்டுப் பெட்டி இருக்கும். அவற்றில் பலவற்றுக்குள் ஓடுவது லினக்ஸ். விண்டோஸ் கணினிகளோடு பேசுவது சம்பா என்ற திறமூல மென்பொருள். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில், ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் மாணவராக இருந்தபோது 1990களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கியது.

லினக்ஸின் அடிப்படை முறை விண்டோஸைவிடச் சிறியது. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓர் உரிமையாளர், ஒரே ஒரு குழு, பிறகு மற்றவர்கள். இந்த மூவருக்கும் படிக்க, எழுத, இயக்க என்ற மூன்று உரிமைகள். படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டினால் 770 போன்ற எண் கிடைக்கும்: உரிமையாளருக்கு முழுதும், குழுவுக்கு முழுதும், மற்றவருக்கு ஒன்றுமில்லை. இது போதாத இடத்தில் லினக்ஸிலும் ஏசிஎல் வைத்துக்கொள்ளலாம்.

இங்கே அடிக்கடி வரும் சிக்கல் ஒன்று. ஒருவர் உருவாக்கிய ஃபைலை அதே பிரிவில் உள்ள இன்னொருவரால் திருத்த முடியாது. காரணம், புது ஃபைல் அதை உருவாக்கியவரின் சொந்த முதன்மைக் குழுவுக்குப் போய்விடுகிறது. ஃபோல்டர் அனுமதியை 2770 என்று வைத்தால், முன்னால் நிற்கும் அந்த 2, ‘இதற்குள் பிறக்கும் எதுவும் இந்த ஃபோல்டரின் குழுவுக்கே சேரட்டும்’ என்று சொல்கிறது. அதோடு புது ஃபைல்களில் குழுவுக்கு எழுதும் உரிமை இருக்குமாறு சம்பாவின் அமைப்பில் ‘கிரியேட் மாஸ்க்’ என்ற அளவை 0660 என்று வைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் தீரும்.

இன்னொன்று பலருக்கு வியப்பாக இருக்கும். லினக்ஸில் ஒரு ஃபைலை அழிக்க அந்த ஃபைலில் எழுதும் உரிமை தேவையில்லை. அது இருக்கும் ஃபோல்டரில் எழுத, இயக்க உரிமை இருந்தால் வழக்கமாகப் போதும். ஃபைலைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

சோதித்துப் பார்ப்பது

எல்லாம் அமைத்தபின் அட்மின் கணக்கில் நுழைந்து ‘திறக்கிறதே’ என்று திருப்தியடைவது சோதனை ஆகாது. விண்டோஸின் மேம்பட்ட செக்யூரிட்டி பக்கத்தில் ‘எஃபெக்டிவ் ஆக்சஸ்’ என்ற பகுதி இருக்கிறது. ஒரு பயனரின் பெயரைக் கொடுத்தால் அவருக்கு அந்த ஃபோல்டரில் இறுதியாக என்ன உரிமை கிடைக்கும் என்று காட்டும். அதற்குப் பிறகும், மாணவர் குழுவில் மட்டும் இருக்கும் ஒரு சோதனைக் கணக்கை உருவாக்கி, வேறொரு மேசையிலிருந்து லாகின் செய்து பாருங்கள். ஜிஎஸ்டி ஃபோல்டரில் ஒரு ஃபைலை உருவாக்குங்கள், திருத்துங்கள், அழியுங்கள். சம்பள ஃபோல்டரைத் திறக்க முயலுங்கள். அது மறுக்கிறதா என்று பார்ப்பது, ஜிஎஸ்டி திறக்கிறதா என்று பார்ப்பதைவிட முக்கியம்.

குழுக்களின் உறுப்பினர் பட்டியலை முடிவு செய்வது கம்ப்யூட்டர் பிரிவின் வேலையே இல்லை. சம்பள ஃபோல்டரை யார் பார்க்கலாம் என்று சம்பளத்துக்குப் பொறுப்பானவர்தான் சொல்ல வேண்டும். சில மாதங்களுக்கு ஒரு முறை ‘சம்பளம்-திருத்த’ குழுவின் பெயர்களை ஒரு தாளில் அச்சிட்டு அவர் மேசையில் வையுங்கள். இருக்கக் கூடாதவரை அவரே பேனாவால் அடித்துத் தருவார்.